குதிரை ஏறும் பிள்ளைக்கு ஒரு கவசம்



புதுச்சேரியில் ஹெல்மெட் என்று பேச்செடுத்தாலே ஒரு விவாதம் கிளம்பிவிடும். 2019 பிப்ரவரியில் அன்றைய துணைநிலை ஆளுநர் கிரண் பேடியே சாலையில் இறங்கி, ஹெல்மெட் இல்லாமல் வந்தவர்களை நிறுத்தியது உங்களுக்கு நினைவிருக்கும். அதையொட்டி ஊரே இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசியது. "நேரு வீதி வரைக்கும்தானே போறேன், அதுக்கு எதுக்கு ஹெல்மெட்?" என்ற கேள்வி இன்றைக்கும் பல வீட்டு வாசலில் கேட்கத்தான் செய்கிறது.

ஆனால், ஹெல்மெட் உயிரைக் காக்கும் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு கிடையாது. கனமாக இருக்கிறது, வேர்க்கிறது, முடி கொட்டுகிறது என்பதுதான் நம் வருத்தமெல்லாம். அதாவது, பாதுகாப்பு வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. உடம்புக்கு ஒத்துவரவில்லை என்றுதான் சொல்கிறோம். இந்த மாதம் நான் எழுத வந்த விஷயத்துக்கும் இதுதான் அடிப்படை.

விஷயம், குதிரைச் சவாரி.

"நம்ம வீட்டுக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஊர் எல்லையில் ஐயனாருக்கு மண் குதிரை செய்து நிறுத்திய பரம்பரை நாம். இன்று நம் பிள்ளைகள் நிஜக் குதிரையிலேயே ஏறுகிறார்கள். பக்கத்தில் ஆரோவில்லில் ரெட் எர்த் ரைடிங் ஸ்கூல் இருக்கிறது. அங்கே நடக்கும் போட்டிகளுக்கு வெளியூர் வீரர்களும் குதிரைகளோடு வருகிறார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் குதிரையேற்றப் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. நீச்சல், பரதம், கராத்தே வரிசையில் 'ரைடிங் கிளாஸ்' என்ற பெயரும் இப்போது நடுத்தர வீடுகளில் அடிபடுகிறது.

இந்த ஆசைக்குக் காரணமும் இருக்கிறது. பெங்களூரைச் சேர்ந்த குதிரையேற்ற வீரர் ஃபவாத் மிர்சா 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தனிநபர் பிரிவிலும் அணிப் பிரிவிலும் வெள்ளி வென்றார். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இறுதிச் சுற்று வரை போனார். 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் டிரெஸாஜ் என்ற குதிரையேற்றப் போட்டியின் அணிப் பிரிவில் இந்தியா தங்கம் வென்றது. 1982 டெல்லி ஆசிய விளையாட்டுக்குப் பிறகு, 41 ஆண்டுகள் கழித்துக் குதிரையேற்றத்தில் நமக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. வென்ற நால்வரில் சுதிப்தி ஹஜேலா, திவ்யக்ருதி சிங் என இரண்டு பேர் பெண்கள். அதை டி.வி.யில் பார்த்த ஒரு பெண் குழந்தை, "அம்மா, நானும்..." என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்ல மனம் வருமா?

சொல்ல வேண்டாம். அனுப்புங்கள். குதிரையோடு பழகும் பிள்ளைக்குப் பொறுமை வரும், தைரியம் வரும், இன்னொரு உயிரின் மனதறிந்து நடக்கும் பக்குவம் வரும். அனுப்புவதற்கு முன்னால் அந்தப் பிள்ளையின் நெஞ்சுக்கும் முதுகுக்கும் ஒரு கவசம் வாங்கிவிடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

ஏன் என்று சொல்கிறேன். நடுத்தர உயரமுள்ள ஒரு குதிரையின் தோள் தரையிலிருந்து 5 அடி. அதன் மேல் ஒரு பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தால் அவர் தலை ஏறக்குறைய 8 அடி உயரத்தில் இருக்கும். வண்டி, நாம் முறுக்கினால்தான் போகும். குதிரை அப்படியில்லை. காற்றில் பறந்து வரும் ஒரு பிளாஸ்டிக் பையைக் கண்டாலும் மிரண்டு விலகும். எவ்வளவு சாதுவான குதிரையானாலும் சரி, எவ்வளவு தேர்ந்த மாஸ்டர் பக்கத்தில் நின்றாலும் சரி, சவாரி கற்றுக்கொள்பவர் என்றாவது ஒருநாள் கீழே விழுவார். விழுந்து எழுவதும் இந்தப் பாடத்தில் ஒரு பகுதிதான்.

தலைக்கு ஹெல்மெட் இருக்கிறது. அதையும் குதிரையேற்றத்துக்கென்று செய்ததாகப் பார்த்து வாங்க வேண்டும். பைக் ஹெல்மெட் இதற்கு உதவாது. ஆனால், விழுகிற உடம்பு தலையை மட்டுமா தரையில் மோதும்? விலா எலும்பு இருக்கிறது. அதற்குள்ளே ஈரலும் மண்ணீரலும் நுரையீரலும் இருக்கின்றன. விழுந்தவரைக் குதிரையின் குளம்பு மிதிப்பதும் உண்டு, உதைப்பதும் உண்டு. கை உடைந்தால் மாவுக்கட்டு போட்டு ஆறு வாரத்தில் சரிசெய்துவிடலாம். உள்ளே அடிபட்டால் வெளியே காயமே தெரியாது. பிள்ளை எழுந்து நடந்து, "ஒண்ணும் இல்லப்பா" என்றும் சொல்லும். ஆபத்து அங்கேதான்.

இதற்காகத்தான் 'பாடி புரொடெக்டர்' என்ற கவச ஜாக்கெட் இருக்கிறது. கையில்லாத கோட் மாதிரி இருக்கும். உள்ளே அடர்த்தியான ஃபோம். தோளில் தொடங்கி விலா முடிந்து சற்றுக் கீழே வரை, முன்னும் பின்னும் மூடும். விழும்போது ஏற்படும் அடியை அந்த ஃபோம் வாங்கிப் பரப்பிவிடும். சர்வதேச குதிரையேற்றச் சம்மேளனம் நடத்தும் ஈவென்டிங் போட்டிகளில், வேலி தாண்டி ஓடும் கிராஸ் கன்ட்ரி சுற்றுக்கு இது இல்லாமல் யாரையும் அனுப்புவதில்லை. ஒலிம்பிக் வீரருக்கே கட்டாயம் என்றால், புதிதாகக் கற்கும் நம் வீட்டுப் பிள்ளைக்கு வேண்டாமா?

ஒரு உண்மையையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இது எல்லா அடியையும் தடுத்துவிடாது. 'சூப்பர்மேன்' படங்களில் நடித்த கிறிஸ்டோபர் ரீவ் 1995 மே மாதம் ஒரு போட்டியில் குதிரையிலிருந்து விழுந்தார். ஹெல்மெட்டும் போட்டிருந்தார், கவச ஜாக்கெட்டும் போட்டிருந்தார். கழுத்தெலும்பு நொறுங்கி, கழுத்துக்குக் கீழே செயலிழந்தது. சாதாரண பாடி புரொடெக்டர் கழுத்தை மூடாது. உடம்பு முறுக்கிக்கொள்வதையும் மடங்குவதையும் அது தடுக்காது. 400, 500 கிலோ எடையுள்ள குதிரை மேலேயே விழுந்தால் அதைத் தாங்கும் சக்தியும் அதற்கு இல்லை. அதனால் ஜாக்கெட் போட்டாயிற்று என்று நல்ல மாஸ்டரையும் பழகிய குதிரையையும் விட்டுவிடக் கூடாது. அவை இரண்டும் முதலில். ஜாக்கெட் அதற்கு மேல் ஒரு காவல்.

சரி, எதைப் பார்த்து வாங்குவது?

பிரஷர் குக்கர் வாங்கினாலும் ஹெல்மெட் வாங்கினாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தேடிப் பழகியவர்கள் நாம். இந்த ஜாக்கெட்டில் தேட வேண்டியது 'இ.என். 13158' என்ற எண். குதிரைச் சவாரிக் கவசங்களுக்கான ஐரோப்பியத் தர எண் அது. ஜாக்கெட்டின் உள்பக்கம் தைத்த லேபிளில் இருக்கும். சி.இ. என்ற இரண்டு எழுத்து மட்டும் இருந்தால் போதாது. பக்கத்தில் இந்த எண்ணும் இருக்க வேண்டும்.

அந்தத் தரத்தில் மூன்று படிகள் உண்டு. லெவல் 1 மெல்லியது, எடை பார்த்து ஓட வேண்டிய பந்தய ஜாக்கிகளுக்கானது. லெவல் 2 இடைப்பட்டது. பயிற்சிக்கும் போட்டிக்கும் லாயத்தில் குதிரையைக் கையாள்வதற்கும் ஏற்றது லெவல் 3. நம் பிள்ளைகளுக்கு லெவல் 3 தவிர வேறெதையும் யோசிக்க வேண்டாம்.

பீட்டா என்ற பெயரில் இன்னொரு லேபிளும் பார்ப்பீர்கள். ஜல்லிக்கட்டு நேரத்தில் நாம் கேள்விப்பட்ட பீட்டா வேறு. இது குதிரையேற்றப் பொருள்கள் செய்யும் பிரிட்டிஷ் வணிகர்களின் சங்கம். அவர்கள் தரும் லெவல் 3 லேபிள், 2009 தரத்தில் ஊதா நிறத்திலும், 2018-ல் புதுப்பித்த தரத்தில் நீல நிறத்திலும் இருக்கும். புதிதாக வாங்குபவர்கள் 2018 என்று இருப்பதையே வாங்குங்கள்.

லேபிளே இல்லாமல், பார்க்க அச்சு அசலாக அப்படியே இருக்கும் ஜாக்கெட்டுகளும் ஆன்லைனில் கிடைக்கின்றன. விலை பாதிகூட இருக்காது. பைக் ஓட்டுபவர்களுக்கான ஜாக்கெட்டையோ கிரிக்கெட் செஸ்ட் கார்டையோ, "இதுவும் கவசம்தானே" என்று காட்டுபவர்களும் உண்டு. மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா? வாங்காமல் இருந்தால், பிள்ளை ஜாக்கிரதையாகவாவது இருக்கும். போலியை மாட்டிக்கொண்டால் அந்த ஜாக்கிரதையும் போய்விடும்.

லேபிள் சரியாக இருந்துவிட்டால் வேலை முடிந்ததா? பாதிதான் முடிந்தது. அளவில்தான் நாம் அதிகம் சறுக்குகிறோம்.

"வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெருசா எடு" என்பது நம் வீட்டுச் சட்டம். பட்டுப் பாவாடையில் உள்பக்கம் நாலு விரல் மடித்துத் தைத்து, வருஷத்துக்கு ஒரு மடிப்பாகப் பிரித்துவிடும் சிக்கனம் நம்முடையது. ஆனால் இந்த ஜாக்கெட்டில் அது செல்லாது. தொளதொளவென்று இருக்கும் கவசம், பிள்ளை விழும்போது மேலேறி முகவாயில் இடிக்கும். காக்க வேண்டிய விலா வெளியே தெரியும். இன்றைக்கு இருக்கும் உடம்புக்கு இன்றைய அளவு. இதில் சமரசம் வேண்டாம்.

போட்டுப் பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. மெல்லிய சட்டையின் மேல் மாட்டுங்கள். முதலில் தோள்பட்டை வெல்க்ரோ, பிறகு இடுப்புப் பட்டை என்று இழுத்து ஒட்டுங்கள். உடம்பை ஒட்டிப் பிடிக்க வேண்டும், மூச்சு முட்டக் கூடாது. உடனே "நல்லா இருக்கு, பில் போடுங்க" என்று சொல்லிவிடாதீர்கள். பத்து நிமிஷம் அப்படியே நடமாட விடுங்கள். பெரும்பாலான ஜாக்கெட்டுகளில் இருக்கும் ஃபோம் உடம்புச் சூட்டில்தான் இளகும். மாட்டியவுடன் பலகை மாதிரி இருப்பது, கொஞ்ச நேரத்தில் படிந்து உட்காரும். அப்போது பட்டைகளை இன்னொரு முறை இறுக்க வேண்டியிருக்கும்.

இப்போது பாருங்கள். பின்னால், குனிந்தால் கழுத்தடியில் முட்டிக்கொண்டு தெரியுமே ஒரு எலும்பு, ஜாக்கெட்டின் மேல்விளிம்பு அது வரை வர வேண்டும். முன்னால், விலா எலும்பு முடியும் இடத்திலிருந்து ஓர் அங்குலமாவது கீழே இறங்க வேண்டும். அப்புறம் பிள்ளையைச் சேணத்தில் உட்கார வையுங்கள். சேணம் கிடைக்காவிட்டால், சென்டர் ஸ்டாண்டு போட்ட வண்டியில் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரட்டும். ஜாக்கெட்டின் பின்விளிம்புக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு கையகலம் இடைவெளி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குதிரை ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் அது முதுகில் முட்டி, பிள்ளையை முன்னால் தள்ளும். கடைசியாக, கடிவாளம் பிடிப்பது போலக் கைகளை நீட்டச் சொல்லுங்கள், முன்னால் குனியச் சொல்லுங்கள். அக்குளில் உறுத்தினாலோ தொண்டையில் இடித்தாலோ, அந்த ஜாக்கெட் வேண்டாம்.

பெண் பிள்ளைகளுக்கு இன்னும் கவனம் தேவை. பெண்களின் உடலமைப்புக்கென்றே தனி வெட்டில் ஜாக்கெட்டுகள் வருகின்றன. ஆண்கள் ஜாக்கெட்டையே இறுக்கிப் போட்டுக்கொண்டு, வலிக்கிறது என்று வெளியே சொல்லக் கூச்சப்படும் வயதுப் பெண்கள் இருக்கிறார்கள். அம்மாக்கள் கூடப்போய், கேட்டுத் தெரிந்து வாங்கித் தர வேண்டும்.

அடுத்தது நம் ஊர் வெயில். ஐரோப்பாவின் குளிருக்குச் செய்த ஜாக்கெட்டைப் புதுச்சேரிச் சித்திரை மாதத்தில் போட்டால் என்ன ஆகும்? முதுகில் வேர்வை வழியும். அரிக்கும். முதல் வாரம் அம்மா சொல்லுக்காகப் போடும் பிள்ளை, அடுத்த வாரம் அதை லாயத்து ஆணியில் மாட்டிவிட்டுக் குதிரையேறிவிடும். ஆணியில் தொங்கும் ஜாக்கெட் எந்த லெவலாக இருந்து என்ன பயன்?

அதனால்தான் சொல்கிறேன், வசதியைப் பார்ப்பது ஆடம்பரம் இல்லை. அதுவும் பாதுகாப்பில் சேர்ந்ததுதான். ஒரே பலகையாக இல்லாமல் ஃபோம் சின்னச் சின்னக் கட்டங்களாக இருப்பது, உடம்போடு வளைந்து கொடுக்கும், கட்டங்களுக்கு நடுவே காற்றும் போகும். ஃபோமில் துளையிட்டு, உள்ளே வலைத்துணி வைத்துத் தைத்தவையும் கிடைக்கின்றன. கையில் தூக்கி எடை பாருங்கள். கறுப்பைவிட வெளிர் நிறம் வெயிலுக்கு நல்லது. உள்ளே வேர்வையை உறிஞ்சும் மெல்லிய டி-ஷர்ட் போதும். காலை ஆறு மணி வகுப்பில் சேர்த்துவிடுங்கள். ஒரு பாட்டில் தண்ணீர் கையோடு இருக்கட்டும்.

புதுச்சேரி வீடுகளுக்கென்று தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்றும் இருக்கிறது. நம்மில் பலருக்குப் பிரான்ஸில் அண்ணனோ அத்தையோ சித்தப்பாவோ இருக்கிறார்கள். குதிரையேற்றம் அங்கே பிள்ளைகளின் சாதாரண விளையாட்டு. நல்ல ஜாக்கெட் சுலபமாகக் கிடைக்கும். நமக்குப் பழக்கமான டெகத்லான்கூட அந்த ஊர்க் கம்பெனிதான், குதிரைச் சவாரிப் பொருள்களையும் விற்கிறது. "லீவுக்கு வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்று போனில் சொல்லிவிடுவது நமக்கு எளிது.

சொல்லுங்கள், தவறில்லை. ஆனால் "பத்து வயசுப் பிள்ளைக்கு" என்று மட்டும் சொல்லாதீர்கள். அங்குள்ள பத்து வயதின் அளவும் நம் பிள்ளையின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. தையல் டேப் எடுத்து மார்புச் சுற்றளவு, இடுப்புச் சுற்றளவு, முன்னால் இடுப்பிலிருந்து தோள் வழியாகப் பின்னால் இடுப்பு வரை உள்ள நீளம், மூன்றையும் சென்டிமீட்டரில் எழுதி அனுப்புங்கள். கம்பெனியின் அளவு அட்டவணையோடு ஒப்பிட்டு வாங்கச் சொல்லுங்கள். 'இ.என். 13158, லெவல் 3' என்பதையும் அதே மெசேஜில் சேர்த்துவிடுங்கள். அங்கே உள்ள பிள்ளை போட்டுக் கழித்ததைப் பாசத்தோடு கொடுத்தால், நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைக்குப் போடுவதற்கு முன் அதன் வயதைக் கேளுங்கள்.

ஆமாம், ஜாக்கெட்டுக்கும் வயது உண்டு. தொடர்ந்து உபயோகித்தால் மூன்றிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் மாற்றிவிட வேண்டும். பிள்ளை ஒருமுறை பலமாக விழுந்தால், அன்றே ஃபோமை விரலால் அழுத்திச் சோதிக்க வேண்டும். பள்ளம் விழுந்த இடம் அரை மணி நேரத்தில் நிமிராவிட்டால் அந்த இடத்தில் இனி பாதுகாப்பு இல்லை. யார் போட்டது, எத்தனை முறை விழுந்தது என்று தெரியாத செகண்ட் ஹேண்ட் ஜாக்கெட்டை வாங்காமல் இருப்பதே நல்லது.

வீட்டில் வைத்துக்கொள்வது கஷ்டமில்லை. வாஷிங் மெஷினில் போடக் கூடாது. ஈரத் துணியால் துடைத்து, நிழலில் காற்றாட, அகலமான ஹேங்கரில் தொங்கவிடுங்கள். மொட்டை மாடி வெயிலிலும் கார் டிக்கியிலும் போட்டுவைத்தால் ஃபோம் கெட்டுவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சை பிடிக்காமல் அவ்வப்போது எடுத்துப் பாருங்கள். வெல்க்ரோவில் சிக்கும் குதிரை முடியையும் மண்ணையும் பழைய டூத் பிரஷால் தட்டிவிட்டால் பிடிமானம் குறையாது.

இப்போது ஏர் வெஸ்ட் என்ற காற்றடைக்கும் ஜாக்கெட்டும் பிரபலமாகிவருகிறது. அதிலிருந்து ஒரு கயிறு சேணத்தோடு இணைந்திருக்கும். ஆள் விழுந்தால் கயிறு இழுபட்டு, சிறிய கார்பன் டை ஆக்சைடு குப்பி திறந்து, ஜாக்கெட் நொடியில் உப்பிவிடும். நல்ல கண்டுபிடிப்புதான். ஆனால் குதிரையின் காலடியில் கிடக்கும்போது அதன் காற்று இறங்கிவிடலாம். அதனால்தான் கிராஸ் கன்ட்ரியில் ஏர் வெஸ்ட் போட்டாலும் உள்ளே சாதாரண ஜாக்கெட்டும் இருக்க வேண்டும் என்கிறார்கள். ஒவ்வொரு முறை திறந்த பிறகும் புதுக் குப்பி மாற்ற வேண்டும். அந்தக் குப்பியை விமானத்தில் கொண்டுவருவதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு, விமானக் கம்பெனியிடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். கற்கத் தொடங்கும் பிள்ளைக்கு ஃபோம் ஜாக்கெட்டே போதும்.

விலை? குறைவில்லை, பல ஆயிரம் ஆகும். ஆறு மாதத்தில் சலித்துவிட்டால் என்ன செய்வது என்ற தயக்கம் நியாயமானது. அதற்கும் வழி இருக்கிறது. சேர்ப்பதற்கு முன் சவாரிப் பள்ளியில் கேளுங்கள்: "பிள்ளைகளுக்கு ஜாக்கெட் நீங்களே தருவீர்களா? எந்தத் தரம், எந்த வருஷம் வாங்கியது? எங்கள் பிள்ளை அளவுக்கு இருக்கிறதா?" நல்ல மாஸ்டர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். எடுத்து வந்து லேபிளையே காட்டுவார். முதல் சில மாதங்கள் அதையே போடட்டும். ஆர்வம் நிலைத்தது என்று தெரிந்ததும் சொந்தமாக வாங்கலாம். இரண்டு மூன்று வீட்டுப் பெற்றோர் சேர்ந்து, பிள்ளைகள் வளர வளர ஜாக்கெட்டைக் கைமாற்றிக்கொள்ளலாம். எப்போது வாங்கியது, எப்போது விழுந்தது என்ற விவரம் தெரிந்த வீடுகளுக்குள் இதில் ஆபத்தில்லை.

பீஸுக்கும் பூட்ஸுக்கும் போட்டி உடைக்கும் கணக்குப் பார்த்து எடுத்துவைக்கும் பெற்றோரிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அந்தப் பட்டியலில் கவச ஜாக்கெட்டை முதல் வரியில் எழுதுங்கள். லேபிளைப் படியுங்கள். அளவைச் சரிபாருங்கள். பிள்ளை மறுக்காமல் போட்டுக்கொள்ளும் ஜாக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள். பெரியவர்களும் குதிரையேறினால், நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள். நாம் போட்டால்தான் பிள்ளைகளும் போடுவார்கள்.

உங்கள் வீட்டில் குதிரையேறும் பிள்ளை இருந்தால், இந்தப் பக்கத்தைக் கிழித்து அவர்கள் பையில் வைத்துவிடுங்கள். இல்லையென்றால், அப்படி ஒரு பிள்ளை இருக்கும் வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்